காபி நல்லா இருந்துச்சு

நோர்ட்டால், மினசோட்டா
6 அக்டோபர் 1986

அன்புள்ள மருமகள் மார்லிஸுக்கு,

உன் தாய்மாமா ஓர்வில் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் என் முழங்கால்களும் சுகம். எங்களுக்குள் பேச்சுவார்த்தை மட்டும் இல்லை. அரிசோனா வெயிலில் நீ உருகாமல் முழுசாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். மாப்பிள்ளை டேலை விசாரித்ததாகச் சொல்.

மார்லிஸ், இன்று தொடங்கி உனக்கு நான் எழுதப்போவது பூமியில் ஒருவரும் நம்பமாட்டாத ஒரு கதை. ஞானஸ்நானம் பெற்ற மனுஷன் என்ற முறையில் சத்தியமாக வாக்குக் கொடுக்கிறேன். நம்பினால் தவறு உன்னுடையது.

முதலில் ஊர்ச் செய்தி. இந்த வருஷம் பீட் கிழங்கு விளைச்சல் பரவாயில்லை. ஒரு கிழங்கைப் பிடுங்க மூன்று டிராக்டர் கட்டி இழுத்தோம். அது வந்த குழியில் இப்போது போதகர் குவாலே மீன் பிடிக்கிறார். போன வாரம் அடித்த காற்றில் என் பசு கனடாவுக்குப் பறந்துபோய் மூன்றாம் நாள் திரும்பி வந்தது. வந்ததிலிருந்து பிரெஞ்சு மொழியில்தான் கத்துகிறது. உன் தோர்டிஸ் அத்தை தினமும் காலை ஆறரைக்கு என்னோடு ஒரு வார்த்தை பேசுகிறாள். தபால்காரருக்கு மறுபடியும் பல் முளைக்கிறது.

இனி கதை. சபையின் மண்டல அலுவலகம் நம்முடைய ‘வைகறைத் துதி’யை ரேடியோவிலிருந்து எடுக்கப்போகிறது. முதலில் ஆர்கன், பிறகு ஒரு வசனம், குட்டிப் பிரசங்கம், படுக்கையில் கிடப்பவர்களின் பெயர்கள், ஜெபம். ஆக மொத்தம் கால் மணி நேரம் யாருக்கும் தொந்தரவில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. திருச்சபை ஆண்டு முடிகிற சனிக்கிழமை, நவம்பர் இருபத்தொன்பதோடு சரியாம். கேட்கிறவர்கள் குறைவாம், கேட்கிறவர்களும் வயதானவர்களாம். என்ன அபாண்டம்! எங்களில் மூத்தவருக்கே இருநூறுதான் ஆகிறது. அந்த இடத்தில் இனி கலிபோர்னியாக்காரர் ஒருவர் வெற்றிகரமாக வாழ்வது எப்படி என்று சொல்லித்தருவாராம்.

பக்கத்து வீட்டு எல்வினா ரம்ஸ்டாட் போன் செய்தாள். “ஓர்வில், கேட்டீங்களா இந்த அக்கிரமத்த?”

“கேட்டேன்.”

“உங்களுக்கு எப்படி இருக்கு?”

“எனக்கென்ன. கொஞ்சம் சளி,” என்றேன்.

ஆரம்பத்தில் வருகிற ஆர்கனை வாசித்தது யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1957-இல் நம் ஆலயத்தில் வைத்துப் பதிவு செய்தது. கல்லறைத் தோட்டத்துக்குப் போய் நான்கு வருஷமாகியும் உன் அத்தை ரேடியோ வேலைக்கு மட்டும் ஒரு நாளும் மட்டம் போட்டதில்லை. அவ்வளவுதான் விஷயம்.

கர்த்தர் உன்னைக் காப்பாராக. தண்ணீர் நிறையக் குடி.

உன் மாமா,
ஓர்வில் ஸ்டென்ஸ்ருட்


டூசான், அரிசோனா
19 அக்டோபர் 1986

அன்புள்ள மாமாவுக்கு,

மார்லிஸ் எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால்களுக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இங்கே அக்டோபரிலும் கார்க் கதவைத் துணி சுற்றித்தான் திறக்க வேண்டியிருக்கிறது. பள்ளிக்கூட நூலக வேலை நன்றாகப் போகிறது. மற்றபடி வீட்டில் அமைதி.

பசு பிரெஞ்சு படித்ததைப் படித்துச் சிரித்தேன். அதற்கடுத்த வரியையும் சிரித்துக்கொண்டேதான் படித்தேன். கடிதத்தை மடித்து வைத்த பிறகு சிரிக்கவில்லை.

அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு, கம்பளிக் காலுறையோடு ஆர்கனின் கால்கட்டைகளை மிதிப்பாள். பெஞ்சு ஓரத்தில் என்னை உட்கார வைத்து, “காலை ஆட்டாதே கண்ணு, மேல இருக்கிறவருக்குத் தாளம் தப்பிடும்,” என்பாள். ஊரை விட்டு வந்து இத்தனை வருஷத்தில் எனக்கு அதிகம் நினைவு வருவது அந்தப் பெஞ்சுதான்.

மாமா, சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். நிகழ்ச்சி போனால் அந்தப் பதிவு என்னாகும்? உங்களிடம் வேறு பிரதி உண்டா? நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? சளியைக் கேட்கவில்லை.

அன்புடன்,
மார்லிஸ்


நோர்ட்டால்
28 அக்டோபர் 1986

அன்புள்ள மார்லிஸ்,

இங்கே யாவரும் சுகம். சளி குணமாகிவிட்டது. வானம் தெளிவாக இருக்கிறது. மாப்பிள்ளை டேல் நலமா? போன கடிதத்தில் அவரைப் பற்றி எழுத மறந்துவிட்டாய்.

வரலாற்றுச் செய்தி கேள். நோர்ட்டால் லூத்தரன் சபை போர் அறிவித்துவிட்டது! ஆலயத்தின் கீழ்த்தளத்தில் பத்தாயிரம் பேர் கூடினோம். கீழ்த்தளத்தில் அறுபது நாற்காலிதான் உண்டு. மீதிப் பேர் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்தார்கள்.

போதகர் குவாலே எழுந்து, “எல்லாருக்கும் கோபம் இருக்கா?” என்று கேட்டார்.

“இருக்கு,” என்று முழங்கினோம். பக்கத்து அறையில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்ததால் மெதுவாக முழங்கினோம்.

நவம்பர் பன்னிரண்டாம் தேதி பஸ் பிடித்து மண்டல அலுவலகத்துக்கே போய் எதிர்ப்புத் தெரிவிப்பது என்று முடிவு. அப்போதுதான் எல்வினா கையைத் தூக்கினாள்.

“போறது சரி. வெறுங்கையோட எப்படிப் போறது?”

“எல்வினா, போராட்டத்துக்குப் போறோம். கல்யாணத்துக்கு இல்ல.”

“மத்தியான வேளைல போய் நிக்கறோம். அங்க இருக்கிறவங்களுக்கும் வயிறு இருக்குல்ல? கோபம் வேற, சோறு வேற.”

போதகரே முதல் ஆளாகப் பேர் கொடுத்தார். ஆகவே ஆளுக்கு ஒரு பாத்திரம் ஹாட்டிஷ். கொத்துக்கறி, காளான் சூப், மேலே உருளைக்கிழங்கு, பாத்திரத்துக்கு அடியில் பிளாஸ்டரில் எழுதி ஒட்டிய பெயர். அதில் குறை வைக்கக் கூடாது.

பிறகு பதாகை. ‘நிறுத்தாதே’ என்று முதலில் எழுதினோம். அது மரியாதையாக இல்லை என்று ஒரு கட்சி. ‘தயவுசெய்து நிறுத்தாதீர்கள்’ என்றோம். அது கெஞ்சுவது போலிருக்கிறது என்று இன்னொரு கட்சி. ஒன்றரை மணி நேர விவாதத்துக்குப் பின் ஏகமனதாக நிறைவேறிய வாசகம்: ‘நிகழ்ச்சி நிற்பது குறித்து எங்களுக்குக் கொஞ்சம் வருத்தம். மற்றபடி எல்லாம் சௌகரியம்.’

சபையின் சார்பில் பேச யார் என்று கேள்வி வந்தது. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. “இந்த ஊர்ல வாயைத் தொறக்கத் தெரிஞ்ச ஒரே ஆளு நீங்கதானே,” என்றாள் எல்வினா. என் புகழ் நீ அறியாததல்ல.

நீ ஏதோ பதிவைப் பற்றிக் கேட்டிருந்தாய். பிரதி கிதி ஒன்றும் இல்லை. இங்கே இன்னும் பனி விழவில்லை.

உன் மாமா,
ஓர்வில்


டூசான்
5 நவம்பர் 1986

அன்புள்ள மாமா,

நலம். நலமறிய ஆவல். பதாகை வாசகத்தை நூலகத்தில் வேலை செய்யும் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். நான் இட்டுக்கட்டிச் சொல்கிறேன் என்கிறார்கள்.

இத்துடன் ஒரு பார்சல் வரும். உள்ளே ஒரு சின்ன டேப் ரெக்கார்டரும் புதுக் கேசட்டும் இருக்கும். சமையலறையில் ரேடியோவுக்குப் பக்கத்தில் வையுங்கள். சிவப்புப் பொத்தானையும் அதற்கடுத்த பச்சைப் பொத்தானையும் சேர்த்து அழுத்த வேண்டும். ஒன்றை மட்டும் அழுத்தினால் பதியாது. போராட்டம் வென்றால் நல்லது. வெல்லாவிட்டாலும் கேசட்டில் அத்தையின் வாசிப்பாவது நம்மிடம் இருக்கும்.

அங்கே பேசும்போது அத்தையைப் பற்றிச் சொல்லுங்கள் மாமா. பசுவும் பீட் கிழங்கும் வேண்டாம். ‘அந்த ஆர்கனை வாசித்தது என் மனைவி, அவள் இறந்துவிட்டாள், நான் தினமும் கேட்கிறேன்’ என்று மூன்று வாக்கியம் போதும். ஒலிநாடாவையாவது கொடுங்கள் என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்டால் கொடுத்துவிடுவார்கள்.

அன்புடன்,
மார்லிஸ்


நோர்ட்டால்
14 நவம்பர் 1986

அன்பு மருமகளுக்கு,

சுகம், சுகம், சுகம்! வெற்றி வீரன் எழுதுவது.

பன்னிரண்டாம் தேதி விடிந்தது. நாற்பதாயிரம் லூத்தரன்கள் ஒரே மஞ்சள் பஸ்ஸில் புறப்பட்டோம். எங்கள் மடியிலிருந்த ஹாட்டிஷ்களின் ஆவியில் வழியெல்லாம் பனி உருகி, மூன்று மாவட்டங்களில் வெள்ளம். மான்கள் மோப்பம் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தன. பச்சை ஜெல்லிக்குள் கேரட் துருவிப் போட்ட சாலட் மட்டும் பதினேழு. பதாகையைப் பிரிக்க முடியாத காற்று என்பதால் அது பஸ்ஸிலேயே தங்கியது.

மண்டல அலுவலகத்தின் செய்தித் துறைக்குத் தலைவர் ஒரு திரு. ஹெய்டன். சிகாகோவிலிருந்து புதிதாக வந்தவர், வாத்துப் படம் போட்ட டை. கதவைத் திறந்தார், பாத்திரங்களைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது மனுஷனுக்கு.

“இவ்வளவு அன்பா? எங்களுக்கா?” என்றார்.

இந்த இடத்தில் ‘இல்லை, எதிர்ப்பு’ என்று சொல்ல வேண்டியது போதகர். ஆனால் அவர் கையில் சூடான பாத்திரம். “முதல்ல இத எங்க வைக்கலாம்?” என்று கேட்டுவிட்டார்.

வந்த காரியத்தைச் சாப்பாட்டுக்கு முன்னால் எடுப்பது நாகரிகமில்லை. சாப்பிடும்போது எடுத்தால் ஜீரணமாகாது. சாப்பிட்ட பிறகு பாத்திரம் கழுவ வேண்டும். கழுவித் துடைத்து வந்து உட்கார்ந்தால் திரு. ஹெய்டன் எழுந்து நிற்கிறார்.

“இருபத்தொன்பது வருஷ ஊழியத்த இவ்வளவு அழகா வழியனுப்பி வைக்கணும்னு இத்தன தூரம் வந்திருக்கீங்க. சண்ட போடுவீங்கன்னு நான் பயந்துட்டேன், உண்மையச் சொல்றேன்!” என்றார்.

எல்லோரும் கைதட்டினோம். பேசி முடித்த மனுஷனுக்குக் கைதட்டாமல் எப்படி இருப்பது?

பிறகு நான் எழுந்தேன். ஆஹா, மார்லிஸ்! மூன்று மணி நேரம். தூண்கள் ஆடின. சுவரில் மாட்டியிருந்த மார்ட்டின் லூத்தர் சட்டத்தை விட்டு இறங்கிவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் பேசியதை இங்கே எழுதினால் காகிதம் தீப்பிடிக்கும், அதனால் எழுதவில்லை.

நிகழ்ச்சி நிற்கத்தான் போகிறது. ஆனால் ஒரு பாத்திரத்தில்கூட ஒரு பருக்கை மிச்சமில்லை. இதை வெற்றி என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

பார்சல் வந்தது. பொத்தான்கள் சிறியவை. டேலை விசாரித்தேன்.

ஓர்வில்


டூசான்
21 நவம்பர் 1986

அன்புள்ள மாமா,

நான் சுகம். அவர்கள் வழியனுப்பு விழா என்று நினைத்துக்கொண்டதைப் படித்துவிட்டு சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நம் ஊர்க்காரர்கள் கோபத்தைக்கூட மூடி போட்டுச் சூடாகத்தான் கொண்டுபோவார்கள்.

அத்தையைப் பற்றிச் சொன்னீர்களா? நாடாவைக் கேட்டீர்களா? அதை மட்டும் எழுதவில்லையே.

இருபத்தொன்பதாம் தேதிதான் கடைசி. சிவப்பும் பச்சையும் சேர்த்து, மாமா. முந்தின நாள் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். தயவுசெய்து.

மார்லிஸ்


டூசான்
15 டிசம்பர் 1986

அன்புள்ள மாமா,

மூன்று வாரமாகத் தபால் இல்லை. போன் அடித்தால் எடுக்க ஆளில்லை. பதியாமல் போயிருந்தாலும் பரவாயில்லை. என்ன ஆனாலும் பரவாயில்லை. சுகமாக இருக்கிறேன் என்று ஒரு வரி போடுங்கள். புளுகாக இருந்தாலும் சரி.

கிறிஸ்துமஸுக்கு நான் வரமுடியவில்லை. காரணம் பிறகு எழுதுகிறேன்.

மார்லிஸ்


நோர்ட்டால்
20 டிசம்பர் 1986

அன்புள்ள மார்லிஸுக்கு,

எல்வினா ரம்ஸ்டாட் எழுதுகிறேன். நீ சுகம்தானே அம்மா? உன் மாமா வீட்டு மேஜையில் உன் கடிதம் திறந்தபடி கிடந்தது. நான் படிக்கவில்லை, கண்ணில் பட்டது. அவர் நலமாகத்தான் இருக்கிறார். சூப் கொண்டுபோய்க் கொடுத்தால் மூன்று தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொள்கிறார். ஆனால் புளுகுவதில்லை. ஒரு மாதமாக ஒரு புளுகுகூட இல்லை. அதுதான் எங்களுக்கெல்லாம் பயமாக இருக்கிறது.

அன்றைக்கு மண்டல அலுவலகத்தில் நடந்ததை அவர் உனக்கு எழுதியிருக்கமாட்டார். எழுந்தார். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். தோர்டிஸைப் பற்றிச் சொல்லத்தான் போகிறார் என்று எனக்குத் தெரியும், கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொண்டேன். ரொம்ப நேரம் நின்றார். கடைசியில், “காபி நல்லா இருந்துச்சு,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அந்த ஹெய்டன் அதற்கும் கைதட்டினார்.

நிகழ்ச்சி நின்ற அடுத்த வாரம் நானே போன் போட்டு அந்த ஒலிநாடாவைக் கேட்டேன். பழைய நாடாக்களை எல்லாம் கழித்துவிட்டார்களாம். யாராவது முன்னாலேயே ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்றார்கள். நாங்கள் அத்தனை பேர் போயிருந்தோமே.

காலையில் ஆறரைக்கு அவர் சமையலறையில் விளக்கு எரிகிறது. ரேடியோ சத்தம் இல்லை.

கர்த்தர் உன்னோடு இருப்பாராக. சீக்கிரம் எழுது.

எல்வினா


நோர்ட்டால்
4 ஜனவரி 1987

அன்புள்ள மார்லிஸ்,

புத்தாண்டு வாழ்த்து. சுகமாக இருக்கிறேன். நீ கேட்ட ஒரு வரி இதுதான்.

கேசட் இத்துடன் இருக்கிறது. பதிந்திருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. ஓட்டிப் பார்க்கவில்லை. பதிந்திருக்காவிட்டால் எனக்குச் சொல்ல வேண்டாம்.

டேலை நான் இனி விசாரிக்கப்போவதில்லை. விசாரிக்கவில்லை என்பதையே விசாரிப்பாக எடுத்துக்கொள்.

ஓர்வில்


டூசான்
18 ஜனவரி 1987

அன்புள்ள மாமா,

பதிந்திருக்கிறது.

முதலில் அதைச் சொல்லிவிட்டேன். இனி நிதானமாக எழுதுகிறேன். நான் சுகமா என்று கேட்டால், இன்று சுகம்.

கேசட் தொடக்கத்தில் உங்கள் குரல். “இது ஓடுதா, சும்மா சுத்துதா?” பிறகு ஏதோ விழுகிறது. ஒரு கெட்ட வார்த்தை. நார்வே மொழியில் இருப்பதால் கர்த்தர் மன்னிப்பார். காபி கொதிக்கிறது. நாற்காலியை இழுக்கிறீர்கள். அப்புறம் அத்தை வாசிக்கிறாள்.

பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற மாதிரியே காலை ஆட்டாமல் கேட்டேன். கடைசி ஸ்வரம் இழுத்து அடங்கியதும் பெஞ்சு கிறீச்சிடுகிறது. அறிவிப்பாளர் பேச ஆரம்பிப்பதற்கு முன் ஒரு சின்ன இடைவெளி. அதில் ஒரு பெண் குரல், தூரத்திலிருந்து, மூச்சு வாங்க: “சரியா இருந்துச்சா?”

உடனே உங்கள் குரல், பக்கத்தில்: “நல்லா இருந்துச்சு, தோர்டிஸ்.”

மாமா, அதை நான் எத்தனை தடவை ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. சிறுவயதில் தினமும் கேட்ட நிகழ்ச்சி. அந்தக் குரலை நான் ஒருநாளும் கவனித்ததில்லை. வேறு யாரும் கவனித்திருக்கமாட்டார்கள். நீங்கள் மட்டும் கேட்டு, தினமும் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

அந்த அலுவலகத்தில் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எல்வினா எழுதியிருந்தாள். முதலில் எனக்கு உங்கள்மேல் கோபம். கேசட்டைக் கேட்ட பிறகு இல்லை.

எனக்கென்று ஒரு பிரதி எடுத்துக்கொண்டு அசலைத் திருப்பி அனுப்புகிறேன். ஓட்டுவதற்கு ஒரே பொத்தான்தான், பச்சை.

டேல் ஆகஸ்டிலேயே என்னை விட்டுப் போய்விட்டார், மாமா. அதனால்தான் கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. எல்லோருக்கும் சேர்ந்தாற்போல் பதில் சொல்லத் தெம்பில்லை. இந்த வீட்டில் நான் ஏதாவது கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. ஆகையால் அந்த இரண்டு வார்த்தை எனக்கும் வேண்டியிருந்தது.

அன்புடன்,
மார்லிஸ்


நோர்ட்டால்
2 பிப்ரவரி 1987

என் அன்பு மார்லிஸுக்கு,

உன் மாமா ஓர்வில் உயிரோடும் புளுகோடும் எழுதுவது. குளிர் பரவாயில்லை. நேற்று வாசலில் நின்று எல்வினாவுக்கு வணக்கம் சொன்னேன். வார்த்தை நடுவழியிலேயே உறைந்து கீழே விழுந்துவிட்டது. அவள் அதைப் பொறுக்கிப்போய் அடுப்பில் உருக்கித்தான் கேட்டாளாம். பசு பிரெஞ்சை மறந்துவிட்டது. கலிபோர்னியாக்காரரை ஒருநாள் கேட்டுப் பார்த்தேன். வெற்றிகரமாக வாழ்வதற்கு முதலில் படுக்கையை மடிக்க வேண்டுமாம். மடித்தேன். திரும்பவும் தூக்கம் வந்தது, விரித்துவிட்டேன்.

அந்தப் பையன் டேலுக்கு நான் போட்ட விசாரிப்புகளையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். மாடியில் உன் அம்மா இருந்த அறை காலியாகத்தான் இருக்கிறது. காற்று மட்டும் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது. நீ வந்தால் துரத்திவிடுவேன். வராவிட்டால் இப்படி எழுதிக்கொண்டிரு. எதை வேண்டுமானாலும் கேட்டெழுது, பதில் போடுகிறேன். உண்மையான பதில் வேண்டுமென்றால் கடித ஓரத்தில் ஒரு கோடு போட்டு வை.

கேசட் வந்தது. காலை ஆறரைக்குப் பச்சைப் பொத்தானை அழுத்துகிறேன். அவள் வாசிக்கிறாள், கேட்கிறாள். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே இருக்கிற அந்தக் கிழவன் முந்திக்கொள்கிறான், “நல்லா இருந்துச்சு, தோர்டிஸ்” என்று. முதல் நாள் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! என் வேலையை எவனோ பறித்துக்கொண்ட மாதிரி. காபி முழுவதும் ஆறிப்போயிற்று. இப்போது பழகிவிட்டது. அவன் சொன்னதும், “ஆமா,” என்று நானும் சொல்லிவைக்கிறேன். இரண்டு பேர் சொன்னால் நம்புவாள்.

நீ கேட்காமல் விட்ட ஒன்று இருக்கிறது. ஏன் நேரிலேயே சொல்லவில்லை என்று. பதிவு செய்ய வந்தவர் கொண்டுவந்த இயந்திரம் யானைக்குட்டி அளவு. “நான் கையைக் கீழ இறக்கற வரைக்கும் ஒருத்தரும் மூச்சு விடக் கூடாது,” என்று எங்களை மிரட்டி வைத்திருந்தார். நான் பக்கம் புரட்டிக் கொடுக்க அவள் பின்னால் நின்றிருந்தேன். அவள் பாட்டு முடிந்தது, பேசலாம் என்று நினைத்துவிட்டாள். அவர் கை இன்னும் மேலேயே இருந்தது. இறங்கியதும் சொல்லியிருக்கலாம்தான். அதற்குள் எல்வினா காபியோடு வந்துவிட்டாள். காபிக்குப் பிறகு இருபத்தைந்து வருஷம் பீட் கிழங்கு, கோழி, முழங்கால் என்று வேறு வேறு பேச்சு. தன் வாசிப்பைத் தானே கேட்க அவளுக்குக் கூச்சம். ஆறரை மணிக்கு ரேடியோவைப் போட்டால் கோழிகளுக்குத் தீனி வைக்கப் போய்விடுவாள். நான்தான் உட்கார்ந்து கேட்பேன். அப்போதெல்லாம் பதில் சொன்னதில்லை. ஆள்தான் வெளியே இருக்கிறாளே, வந்ததும் சொன்னால் போயிற்று என்று.

அந்த அலுவலகத்தில் எழுந்து நின்றபோது நீ எழுதித் தந்த மூன்று வாக்கியமும் மனப்பாடமாக இருந்தது. வாயில் வந்தது என்னவோ தினமும் சொல்லிப் பழகியதுதான். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்களே என்று முன்னால் காபியைச் சேர்த்துக்கொண்டேன்.

ஆகவே, முதல் கடிதத்தில் வாக்குக் கொடுத்தபடி, யாரும் நம்பமாட்டாத கதையை எழுதி முடித்துவிட்டேன். மூன்று டிராக்டரும் பொய், வெள்ளமும் பொய், நாற்பதாயிரம் பேரும் பொய். பஸ்ஸில் முப்பத்தொரு பேர், போதகரையும் சேர்த்து. லூத்தர் சுவரிலேயேதான் இருந்தார். நடந்தது ஒன்றே ஒன்று, அதுவும் சின்னது. உன் அத்தை கேட்டாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, பலமாகத் தலையாட்டினேன்.

உன் மாமா,
ஓர்வில்